பன்னிரண்டு பிளேடு

1966-ல் மீனம்பாக்கத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை எண்ணுவது. ஸ்பேனரைத் தொட நாலு மாதம் ஆயிற்று. விடிவதற்கு முந்தைய இருட்டில் டகோட்டா விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் ஊன்றி, குந்திய நாய் மாதிரி நிற்கும். நானும் இன்னொரு பையனும் மாறி மாறிப் போய்ப் புரொப்பல்லர் பிளேடைப் பிடித்து, தோள் கொடுத்துக் கீழே இறக்குவோம். ஒருவன் இறக்கிவிட்டு விலகியதும் அடுத்தவன் வந்து அடுத்த பிளேடைப் பிடிக்க வேண்டும். ‘ஒண்ணு’, ‘ரெண்டு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வந்தால் நிறுத்தலாம். மூன்று பிளேடு புரொப்பல்லருக்கு அது நாலு சுற்று. நடுவில் கியர் இருப்பதால் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் அதற்குள் ஏழு சுற்று சுற்றிவிடும். பிறகு அடுத்த எஞ்சினுக்குப் போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

சடங்கு மாதிரித் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வரிசை, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போலச் சுற்றிலும் இருக்கும். வட்டமாக அடுக்கினால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத்தான் தொங்கியாக வேண்டும். எஞ்சின் ஓய்ந்து கிடக்கும் ராத்திரியில் ஆயில் மெல்லக் கசிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அந்த அடிச் சிலிண்டர்களின் மண்டையில் போய்த் தேங்கும். காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் 1200 குதிரைசக்தி உள்ள அந்த எஞ்சின் தன் கையைத் தானே ஒடித்துக்கொள்ளும். கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால்தான் முதலில் கையால் சுற்றிப் பார்ப்பது. பிளேடு கல்மாதிரி நின்றுவிட்டால் அடியில் ஆயில் இருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். கைக்குச் சுலபமாகிவிட்டதுபோல இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் அந்த ஆயில் திரும்ப உள்ளே உறிஞ்சப்பட்டு வேலையைக் காட்டும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். இருந்தாலும் சேர்ந்து நாலாவது மாதம், ஒரு மார்கழி விடியற்காலையில், ஒன்பதாவது பிளேடு நின்றது. கூட இருந்த பையன் அன்று வரவில்லை, நான் ஒற்றையாள். லோடு ஏற்றி முடித்திருந்தார்கள். ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுப் பெட்டிகள், உள்ளேயிருந்து கீச்சுகீச்சென்று ஒரே சத்தம். பைலட் சிகரெட் முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பிளக் கழற்றினால் அரைமணி நேரம் போகும். பிளேடைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். பிறகு முன்னால் இழுத்தேன். வழிவிட்டது. ‘பன்னெண்டு’ என்று கத்தினேன்.

எஞ்சின் புகை கக்கிப் பிடித்தது, இரண்டு நிமிஷம் ஓடியது, பிறகு உள்ளே யாரோ உலக்கை போடுவதுபோல இடித்தது. நல்லவேளை, தரையிலேயே. கோழிக்குஞ்சுகளை இறக்கி ரயிலுக்கு அனுப்பினார்கள். அந்தச் சரக்குக் கம்பெனி சின்னது. பெயர் வேண்டாம், இப்போது இல்லவும் இல்லை. இருந்த இரண்டு விமானத்தில் ஒன்று மூன்று வாரம் படுத்துவிட்டது.

எங்கள் மேஸ்திரி பல்லாவரத்து ஆங்கிலோ-இந்தியர். பெயரைப் போட்டால் அவர் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கேள்வி கேட்பார்கள். மேஸ்திரி என்றே இருக்கட்டும். அவர் என்னை அடிக்கவில்லை. “நீயே கழட்டு மேன்” என்றார், அவ்வளவுதான். எஞ்சின் மூடியான கௌலிங்கை இறக்கி, அடிச் சிலிண்டரை நான்தான் கழற்றினேன். உள்ளேயிருந்து வந்த ராடு என் முழங்கை நீளம்கூட இல்லை, லேசாக, வெண்டைக்காய் வளைவதுபோல வளைந்திருந்தது. அதை அவர் மண்ணெண்ணெயில் துடைத்து ஹேங்கர் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அங்கே நான் வேலை பார்த்த ஏழு வருஷமும் அது அங்கேயே தொங்கியது. புதிதாக வரும் பையன்களிடம் அது யார் செய்தது என்று அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்வேன்.

மேஸ்திரி தொழில் கற்றது பெங்களூரில். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் கூட்டோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, 1943-ல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் பொறுப்புக்குப் போயிற்று. பர்மா, சீனப் போர்முனைகளில் அடிபட்ட விமானங்கள் அங்கேதான் பழுதுபார்க்க வரும். டகோட்டாவின் குடலை உருவிப் பார்த்தது அங்கேதான் என்பார். 1935 டிசம்பர் 17-ல் கலிஃபோர்னியாவில் முதன்முதலாகப் பறந்தபோது அது பணக்காரப் பயணிகள் படுத்துத் தூங்கிக்கொண்டு போகும் விமானம். போர் வந்ததும் பெரிய கதவு வைத்து, தரையை வலுவாக்கி, சிப்பாயையும் ஜீப்பையும் கோவேறு கழுதையையும் ஏற்றினார்கள். பத்தாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் அத்தனையும் யாருக்கும் வேண்டாத சாமான். இந்தியாவில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, பெங்களூரில் தகர பெஞ்சைப் பிடுங்கிவிட்டு சீட் போட்டு, ஆளாளுக்கு ஏர்லைன் தொடங்கினார்கள். 1953 ஆகஸ்டில் அரசாங்கம் எல்லாவற்றையும் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது கைக்கு வந்த விமானம் 99. அதில் 74 டகோட்டா. நாட்டின் உள்நாட்டு விமானப் போக்குவரத்து என்பதே கிட்டத்தட்ட இன்னொரு நாட்டுப் போரின் மிச்சம்தான்.

பெங்களூருக்குப் பிறகு மேஸ்திரி சில வருஷம் இரவுத் தபாலில் இருந்தார். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் டீ ஆறிவிடும்.

1949 ஜனவரி 30 இரவு தொடங்கியது அது. மதராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று நாலு ஊரிலிருந்தும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு விமானம் கிளம்பும். நாலும் நாட்டின் நடுவில், நாகபுரி சோனேகாவ் மைதானத்தில், நடுநிசி தாண்டி வந்து சேரும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் விமான நிலைய விளக்கிலும் மூட்டைகள் மாறும். டெல்லி மூட்டை இங்கே, கல்கத்தா மூட்டை அங்கே. பயணிகளும் உண்டு, தூக்கக் கலக்கத்தோடு டீ குடித்துவிட்டு அவரவர் விமானத்தைத் தேடி ஏறுவார்கள். விடிவதற்குள் நாலு ஊருக்கும் நாலு விமானம் போய் இறங்கிவிடும். மாலையில் மவுண்ட் ரோடு தபாலாபீஸில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் தபால்காரர் கையில். அதே வருஷம் உள்நாட்டுக் கடிதத்துக்கு விமானக் கூடுதல் கட்டணமும் எடுக்கப்பட்டது. சாதாரண ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் ஆகாயத்தில் போயிற்று.

திட்டம் அன்றைய தகவல் தொடர்பு மந்திரி ரஃபி அகமது கிட்வாயுடையது. ஜே.ஆர்.டி. டாட்டா கடுமையாக எதிர்த்தார். ராத்திரியில் இறங்குவதற்கான வசதி தரையில் இல்லை, இது ஆபத்து, கணக்கும் கட்டாது என்றார். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியது. டாட்டா சொன்னதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தவர் அவர். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயில் நெவில் வின்சென்ட் ஏறிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் அதே தபாலை மதராஸுக்குக் கொண்டுவந்தார். இரவில் தங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இருட்டில் பறக்கக் கூடாது என்பது அவர்கள் படித்த பாடம்.

1953 டிசம்பரில் நாகபுரியிலிருந்து மதராஸுக்குக் கிளம்பிய தபால் டகோட்டா, மேலெழும்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து எரிந்தது. பைலட் ஒருவர்தான் பிழைத்தார். மேஸ்திரி அப்போது அந்த வேலையில் இல்லை, ஆனால் அதில் இருந்தவர்களைத் தெரியும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று இந்த மாதிரி விஷயத்தில் சொல்வது வழக்கம். நான் சொல்லமாட்டேன். விளக்கைப் போட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம், கடிதம் ஒரு வருஷம் பொறுத்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் டெல்லியிலிருந்து வேலைக்கு உத்தரவு வரும் என்று வாசலில் காத்திருந்த குடும்பங்களைக் கேட்டால் வேறு பதில் வரும். பின்னால் நாலு எஞ்சின் ஸ்கைமாஸ்டர் வந்தது, பிறகு மற்றவை வந்தன. எழுபதுகளில் ஜெட்டுகள் பெருகியபின் நாகபுரிச் சந்திப்பு ஓய்ந்தது.

ராத்திரித் தபால் நாகபுரி என்றால், காலைப் பேப்பர் மீனம்பாக்கம். இதை நானே பார்த்திருக்கிறேன். 1963-ல் ‘தி ஹிந்து’ பத்திரிகை பேப்பர் கட்டு அனுப்பவே சொந்தமாக விமானங்கள் வாங்கியது. ஹெரான் என்று பெயர், சின்ன உடம்பில் நாலு எஞ்சின். நாங்கள் டகோட்டா பிளேடை எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வேன்கள் வந்து நிற்கும். மசி காயாத பேப்பர் வாடை அடிக்கும். தொழில்காரர்களுக்கு ஹெரான் மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு. “தையல் மெஷின்” என்பார் மேஸ்திரி. ஆனால் கோயம்புத்தூர்க்காரர் காலைக் காபியோடு மதராஸ் பேப்பர் படித்தது அந்தத் தையல் மெஷினால்தான். 1969-ல் பக்கங்களை அப்படியே கம்பி வழியாக அனுப்பிக் கோயம்புத்தூரிலேயே அச்சடிக்கும் முறை வந்தது. விமானத்தின் வேலையைக் கம்பி எடுத்துக்கொண்டது. அந்த வேன்களின் வரத்தும் குறைந்தது.

எனக்கு மனதுக்கு நெருக்கமான பாதை வேறு. தெற்கே.

1947 டிசம்பர் 10-ல் இலங்கையின் ரத்மலானையிலிருந்து ஏர் சிலோனின் முதல் விமானம் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி, அங்கிருந்து மதராஸுக்கு வந்தது. அதுவும் டகோட்டாதான். பெயர் சீதா தேவி. லங்கையிலிருந்து சீதை தானே புறப்பட்டு வந்தாள். பாலம் கட்ட வேண்டியிருக்கவில்லை, வானரமும் தேவைப்படவில்லை. போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுதளம் பலாலி. மதராஸிலிருந்து 350 கிலோமீட்டர்தான். டகோட்டாவுக்கு ஒன்றரை மணி நேரம். கோயம்புத்தூருக்கு ரயிலில் ஓர் இரவு ஆன காலத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு மயிலாப்பூரில் இருக்கலாம்.

நான் வேலைக்கு வந்தபோதும் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் மெக்கானிக் ஒருவர், சுன்னாகத்துக்காரர், எங்கள் ஹேங்கருக்கு வருவார். முதல் தடவை வந்தது ஒரு சாதாரண வாஷருக்காக. கொடுத்தேன். அடுத்த தடவை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆறு, பழைய ‘ஈழநாடு’ பேப்பரில் சுற்றி, டூல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். “அண்ணே எண்டா ஆரோ பஸ் கண்டக்டரைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு, அண்ணை எண்டு சொல்லும்” என்பார். அப்படியே ஆயிற்று. போகும்போது நான் குமுதமும் விகடனும் கொடுப்பேன். எங்கள் டகோட்டாவின் அடிச் சிலிண்டரும் அவர்களுடைய டகோட்டாவின் அடிச் சிலிண்டரும் ஒரே மாதிரிதான் ஆயிலைக் குடித்தன. அதைப் பற்றித்தான் பேச்சு. நாங்கள் பன்னிரண்டு பிளேடு எண்ணுவோம் என்றேன். “நாங்கள் பதினைஞ்சு, அண்ணை. எங்கட எண்ணெய் கொஞ்சம் கெட்டிக்காரன்” என்றார். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர் என்னையும் அண்ணை என்பதுதான் அந்த ஊர் மரியாதை என்று பிறகு புரிந்தது.

சுவரில் தொங்கிய வளைந்த ராடைப் பார்த்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, “ஓம்” என்று மட்டும் சொன்னார். அவர்கள் ஊரிலும் ஒன்று தொங்கியிருக்க வேண்டும்.

1973-ல் பெரிய இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. டகோட்டாவை விட்டு ஆவ்ரோவுக்குப் போனேன். இங்கிலாந்தில் வடிவமைத்து, கான்பூரில் செய்த விமானம் அது. கான்பூரில் பூட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1-ல் பறந்தது. அதற்கு ‘சுப்ரதோ’ என்று பெயர், மறைந்த விமானப்படைத் தலைவர் சுப்ரதோ முகர்ஜி நினைவாக. 1967-ல் பயணிகள் சேவைக்கு வந்தது. அதற்கு முன்பே 1957-ல் வைக்கவுன்ட், 1961-ல் ஃபோக்கர் எல்லாம் வந்தாயிற்று. மூன்றுக்கும் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். புரொப்பல்லர் இருக்கும், பிஸ்டன் இருக்காது. ஜெட்டின் வயிறு, டகோட்டாவின் கை என்று வைத்துக்கொள்ளலாம்.

டார்ட்டின் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. உள்ளே நிமிஷத்துக்கு 15,000 சுற்று. காதுக்குள் ஊசி போட்டதுபோல ஒரு கீச்சு. பல்லாவரத்தில் வீட்டில் படுத்திருந்தாலும் ஆவ்ரோவா ஃபோக்கரா என்று சொல்லிவிடுவேன். என் காது பாதி போனதும் அதனால்தான். வெயில் நாளில் டார்ட்டுக்கு மூச்சு வாங்கும். அதற்காகவே தண்ணீரும் மெத்தனாலும் கலந்து டேங்கில் ஊற்றுவோம். புறப்படும்போது அதை எஞ்சினுக்குள் பீய்ச்சினால் தெம்பு வரும். மே மாதத்து மீனம்பாக்கத்தில் எஞ்சினுக்கும் மோர் கொடுக்கிறோம் என்று கேலி பேசுவோம்.

பன்னிரண்டு எண்ணும் வேலை போய்விட்டது. பிஸ்டன் இல்லை, தலைகீழ் சிலிண்டர் இல்லை, ஆயில் தேங்க இடமில்லை. முதல் வாரம் ஆவ்ரோ பக்கத்தில் காலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது விநோதமாக இருந்தது. புரொப்பல்லரில் கை வைக்கப்போனேன். “என்னப்பா, பஸ்ஸைத் தள்ற மாதிரி தள்றே?” என்று சிரித்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. என் பேரன் புள்ளியியல் படிக்கிறான். போன வருஷம் ஒருநாள் வந்து, “தாத்தா, உங்களுக்குப் பிடிக்கும்” என்று ஒன்று சொன்னான். இரண்டாம் உலகப் போரில் குண்டுபோட்டுவிட்டுத் திரும்பும் அமெரிக்க விமானங்களில் எங்கெங்கே குண்டுத் துளைகள் என்று கணக்கெடுத்தார்களாம். துளை அதிகமுள்ள இடத்துக்குத்தான் கவசம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆபிரகாம் வால்டு என்ற கணித மேதை இல்லை என்றார். நீங்கள் பார்ப்பது திரும்பி வந்த விமானங்களை, எஞ்சினில் அடிபட்டவை வரவேயில்லை, அதனால்தான் எஞ்சினில் துளையைக் காணோம் என்றார். பேரன் போனில் மேலே படித்துக்கொண்டே போனவன் சட்டென்று நிமிர்ந்தான். “தாத்தா, இவர் நீலகிரியில செத்துப்போயிருக்கார்.”

1950 டிசம்பர் 13. இந்தியாவில் சொற்பொழிவுப் பயணமாக வந்திருந்த வால்டும் அவர் மனைவியும் போன ஏர் இந்தியா டகோட்டா கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விபத்து எனக்குத் தெரியும். மேஸ்திரி பலமுறை சொன்னது. மலைக்கும் மேகத்துக்கும் ஒரே நிறம் என்பார். டகோட்டாவின் கேபினுக்குள் காற்றழுத்தம் கிடையாது, பத்தாயிரம் அடிக்கு மேல் பயணிகளோடு போவது வழக்கமில்லை, மேகத்துக்கு மேலே போகாமல் ஊடேதான் போக வேண்டும். ஆனால் உள்ளே இருந்தவர் யார் என்பது மேஸ்திரிக்கும் தெரியாது, எனக்கும் எழுபத்தாறு வயதுவரை தெரியாது. நாற்பது வருஷம் பழுதுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் திரும்பி வந்த விமானத்தைப் பற்றியது. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

டகோட்டா என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று செய்தவர்கள் எழுதிவைக்கவில்லை. அதனால் அது தானாகச் சாகவும் இல்லை. அமெரிக்காவில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் பழைய டகோட்டாவின் உடம்பைக் கொஞ்சம் நீட்டி, டர்பைன் எஞ்சின் பொருத்தி விற்கிறார்கள். அண்டார்டிகா பனியில் சறுக்குக் கட்டை மாட்டி இறங்குகிறது. நம் விமானப் படையும் 2018-ல் ஒன்றை ‘பரசுராமா’ என்று பெயர் வைத்துப் பறக்கும் நிலையில் பரிசாகப் பெற்று வைத்திருக்கிறது. நான் தள்ளிய இரண்டும் பழைய இரும்புக்குப் போயின. அதில் ஒன்றின் பிளேடு நுனி, ஒரு சாண், என்னிடம் இருக்கிறது. மனைவி அதைத் தேங்காய் நாரோடு சேர்த்து எறியப் பார்க்க, இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறேன்.

2024 கடைசியில் சுன்னாகத்து அண்ணையின் பேத்திக்குக் கல்யாணம். அண்ணை இல்லை. இலங்கைப் போர் ஓய்ந்தபின் அவர் மகன் எப்படியோ என் முகவரியைத் தேடிப்பிடித்துக் கடிதம் போட்டிருந்தார், அன்றிலிருந்து தொடர்பு. எழுபதுகளின் கடைசியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. பிறகு பலாலி ராணுவத்தின் கையில். 2019 அக்டோபர் 17-ல்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று மறுபடி திறந்தார்கள். அடுத்த மாதம் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. பறப்பது ஏடிஆர். பிரான்ஸில் துலூஸில் பூட்டும் இரட்டை எஞ்சின் புரொப்பல்லர் விமானம், எழுபது பேர் சொச்சம் உட்காரலாம்.

இந்தக் காலத்திலும் புரொப்பல்லரா என்று பேரன் கேட்டான். 350 கிலோமீட்டருக்கு ஜெட் எதற்கு? ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும், குடித்த எண்ணெய்க்குக் கணக்குச் சொல்ல முடியாது. நீள ஓடுபாதையும் இது கேட்காது. தூத்துக்குடி வாகைக்குளத்தில் வெகுகாலம் சுமார் 1350 மீட்டர்தான் ஓடுபாதை. அந்த ஊருக்கு விமானம் என்றால் புரொப்பல்லர்தான். லட்சத்தீவின் அகத்தியில் 1200 மீட்டர், இரண்டு முனையிலும் கடல். அங்கேயும் இதுதான். 2018-ல் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்ததும் இதில்தான். ஜெட் போகாத ஊருக்கு யார் போகிறார்களோ அவர்கள்தான் உழைப்பாளி என்பது என் கட்சி. இதில் நான் நடுநிலை இல்லை.

கல்யாணத்துக்குக் கிளம்பி, சென்னையில் பஸ்ஸில் விமானத்தருகே போனபோது ஒரு இளைஞர் பதறினார். “சார், ரைட் எஞ்சின் சத்தம் வருது, ஃபேன் சுத்தல!” ஆமாம், சுற்றவில்லை. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஏடிஆரின் வலது எஞ்சினில் புரொப்பல்லருக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிடலாம். விளக்குக்கும் ஏசிக்கும் அதிலிருந்தே மின்சாரமும் காற்றும். ஓட்டல் முறை என்பார்கள் தொழிலில். டார்ட்டில் இது நடக்காது. அங்கே டர்பைனும் புரொப்பல்லரும் ஒரே தண்டில் கட்டியவை, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியாக வேண்டும். இதில் புரொப்பல்லரைச் சுற்றும் டர்பைன் தனித் தண்டில் இருக்கிறது. நடுவில் இருப்பது காற்று மட்டும்தான். பஸ் கதவு திறக்கும்வரை இதை அந்த இளைஞரிடம் விளக்கினேன். பாவம், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

பின்வாசல் வழியாக ஏறி, எஞ்சினுக்கு நேராக வலது ஜன்னலில் உட்கார்ந்தேன். ஆறு பிளேடு, கறுப்பு, வாள்போல வளைந்தவை. ஃபைபர். நான் தள்ளியது அலுமினியம், மழை நாளில் பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருக்கும். டகோட்டாவில் கீழே இறக்கை மறைத்துக்கொள்ளும், பாதிப் பூமி தெரியாது. இதில் இறக்கை தலைக்கு மேலே. அதனால் கோடியக்கரை முழுசாகத் தெரிந்தது. வேதாரண்யத்து உப்புப் பாத்திகள் கட்டம் கட்டமாக, பிறகு மண் முடிந்து கலங்கிய பச்சைக் கடல். பக்கத்துச் சீட்டு அம்மா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்லூருக்கே போகிறோம் அம்மா, அங்கே போய்க் கூப்பிடலாம் என்றேன். சிரித்தார். அதற்குள் பனை தெரிந்தது.

பலாலியில் இறங்கி நடந்துதான் கட்டிடத்துக்குப் போக வேண்டும். எல்லோரும் பையை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பின்தங்கினேன். எஞ்சின் ஓய்ந்து புரொப்பல்லர் மெல்ல நின்றது. பச்சை மேல்சட்டை போட்ட ஒரு பையன், இருபது வயதிருக்கும், கையில் சிவப்புப் பட்டையோடு வந்தான். காற்றில் சுற்றாமலிருக்க ஒரு பிளேடைப் பிடித்துக் கட்டிவைக்கும் பட்டை. பிளேடு கட்டுவதற்குச் சரியான இடத்தில் இல்லை. திருப்ப வேண்டும்.

“ஐயா, இதில நிக்காதேங்கோ, அங்கால போங்கோ” என்றான்.

“போறேன் தம்பி. நீங்க திருப்புங்க.”

ஒருமாதிரி பார்த்தான். பிறகு ஒற்றைக் கையால், கதவைச் சாத்துவதுபோல, பிளேடை இழுத்தான். சத்தமே இல்லாமல் வந்தது. ஒண்ணு என்றேன், வாய்க்குள். ரெண்டு. பட்டையை மாட்டிவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விட்டான்.